100 கெஜத்தை 10 விநாடியில் ஓடியவரை எதற்குக் கோல்கீப்பராக நிறுத்தினார்கள்? (ஆர்தர் வார்ட்டன்)

ஆஃப்சைடு ஆறுமுகம்:
இந்தப் பக்கத்தில் மெஸ்ஸியா ரொனால்டோவா சண்டை ஓய்ந்திருப்பதால் ஒரு பழைய ஆளைக் கொண்டுவருகிறேன். ஆர்தர் வார்ட்டன். 1865 அக்டோபர் 28 அன்று, அப்போது கோல்ட் கோஸ்ட் என்றழைக்கப்பட்ட இன்றைய கானாவில், அக்ராவின் ஜேம்ஸ்டவுன் பகுதியில் பிறந்தவர். அப்பா ஹென்றி வார்ட்டன், கிரெனடா தீவிலிருந்து போன மெதடிஸ்ட் பாதிரியார். அம்மா ஃபான்டி இனத்தின் அரச வழியில் வந்தவர். பையனும் ஊழியத்துக்குப் படிக்கட்டும் என்று 1882இல் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். முதலில் கானக், பிறகு டார்லிங்டன். படிப்பு எந்த மூலையில் கிடந்ததோ, ஆள் மைதானமே கதியென்று ஆகிவிட்டார்.

1886 ஜூலையில் லண்டன் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் இங்கிலாந்தின் அமெச்சூர் (காசுக்கு ஓடாதவர்களுக்கான) தடகள சாம்பியன்ஷிப். செல்சி கிளப் பிறக்க இன்னும் 19 வருஷம் இருந்தது, அப்போது அது ஓட்டக்காரர்களின் மைதானம். 100 கெஜ ஓட்டத்தில் வார்ட்டன் 10 விநாடியில் முடித்தார். ஹீட் என்கிற முதற்சுற்றிலும் 10, ஃபைனலிலும் 10. அடுத்த வருஷம் ஸ்டவர்பிரிட்ஜில் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார்.

இதே காலத்தில்தான் டார்லிங்டனுக்கும், 1886 முதல் பிரெஸ்டன் நார்த் எண்டுக்கும் கால்பந்து ஆடுகிறார். எந்த இடத்தில்? கோல்கீப்பர்! நாட்டிலேயே வேகமான காலைக் கொண்டுபோய் இரண்டு கம்பத்துக்கு நடுவே கட்டிப்போட்டிருக்கிறார்கள். விங்கில், அதாவது மைதானத்தின் ஓரமாக ஓடி ஆடும் இடத்தில் விட்டால் எவன் பிடிப்பான்? "முதல் கறுப்பின புரொஃபெஷனல் கால்பந்து வீரர்" என்ற ஒரு வரியோடு இவரைப் பற்றிய பேச்சை எல்லோரும் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இந்தக் கேள்விதான் முக்கியம்.

பெரம்பூர் கோலி:
பதினாறு வயதிலிருந்து கோல் போஸ்டில் நிற்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன். கீப்பர் என்றால் நிற்கிறவன் என்ற எண்ணமே கிட்டப் போய்ப் பார்க்காதவர்களுக்கு வருவது. கீப்பரும் எதிரணியின் பார்வர்டும் (கோல் அடிக்க வருகிறவன்) நேருக்கு நேர் வரும்போது, அவன் பந்தைக் கொஞ்சம் நீளமாகத் தள்ளிவிட்டான் என்றால் அங்கே முடிவு செய்வது முதல் ஐந்து அடி. அதில் யார் முன்னால் என்பதுதான் கோலா இல்லையா என்பது.

அந்தக் காலத்து விதியையும் சேர்த்துப் பாருங்கள். இன்று இருக்கிற பெனால்டி பெட்டி, அதாவது கீப்பர் கையால் பந்தைத் தொடக்கூடிய கோல் முன்னால் உள்ள கட்டம், 1902இல்தான் வந்தது. கீப்பர் தன் பாதி மைதானத்தில் எங்கே வேண்டுமானாலும் பந்தைக் கையால் தொடலாம், 1912 வரை இதுதான் நிலை. 10 விநாடிக் கால்காரனுக்கு இது சொர்க்கம். பாதி மைதானமும் அவன் ஏரியா.

ஆஃப்சைடு ஆறுமுகம்:
அப்படியானால் எல்லா கிளப்பும் ஓட்டக்காரர்களையே கீப்பராக்கியிருக்க வேண்டுமே?

பெரம்பூர் கோலி:
கை வேண்டாமா ஐயா. ஓடிப்போய் அங்கே என்ன செய்வது? வார்ட்டனுக்குக் கையும் இருந்தது. பந்தைக் குத்தி அனுப்புவதில் பேர் போனவர். அப்போதெல்லாம் பந்தைக் கட்டிப்பிடித்தால் பின்னாலேயே மூன்று பேர் தோளால் மோதி உங்களையும் பந்தையும் சேர்த்து உள்ளே தள்ளிவிடுவார்கள், அதுவும் கோல்தான். குத்தி விடுவதுதான் பிழைக்கிற வழி.

நூலகப்பூனை:
அவர் நின்ற விதத்தைப் பற்றியும் பதிவு இருக்கிறது. கம்பத்துக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருப்பாராம். பந்து கிட்டே வரும்வரை அசைவே இருக்காது, கடைசி நொடியில் பாய்ந்து வருவார். கூட்டத்துக்கு இது பெரிய வேடிக்கை. சிலருக்கு எரிச்சல். 1887இல் ஒரு விளையாட்டுப் பத்திரிகையின் கிசுகிசுப் பத்தி, கம்பங்களுக்கு நடுவே கோமாளித்தனத்துக்கு இடமில்லை என்பது இவன் தடித்த மண்டையில் ஏறாதா என்று எழுதியது. நிறத்தைச் சுட்டும் வசைச்சொல்லும் அதில் உண்டு, அதை இங்கே தட்டச்சு செய்ய மனமில்லை. பிரெஸ்டன் இவரைக் கோலில் நிறுத்தினால் கோப்பையில் ஜெயிக்கும் வாய்ப்பு குறையும் என்பதுதான் அந்தப் பத்தியின் வாதம்.

1886-87 பருவத்தில் இதே பிரெஸ்டன், தோற்றால் வெளியேறும் போட்டியான எஃப்.ஏ. கோப்பையில் அரையிறுதிவரை போனது. வெஸ்ட் பிராம்விச்சிடம் 3-1 தோல்வி.

எனக்குப் படுவது இது. மற்ற கீப்பர் செய்தால் "நிதானம்", இவர் செய்தால் "கூத்து". கோலி சொன்ன கணக்குப்படி பார்த்தால் கம்பத்தோரம் குனிந்திருந்து பாய்வது கூத்தே இல்லை. தன் முதல் ஐந்தடியின் மேல் நம்பிக்கை உள்ளவன் எதிராளியைக் கிட்டே வரவிட்டுப் பறிப்பது. வேகம் இல்லாதவன் அப்படிக் காத்திருக்க முடியாது.

ஸ்பைக்ஸ்:
பள்ளியில் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லித்தருபவன் என்ற முறையில் அந்த 10 விநாடியைப் பற்றிக் கொஞ்சம்.

100 கெஜம் என்பது 91.44 மீட்டர். அன்றைக்கு ஸ்டாப்வாட்ச் ஐந்தில் ஒரு பங்கு விநாடிதான் காட்டும், அதையும் கட்டைவிரல் அழுத்தவேண்டும். குனிந்து புறப்படும் முறை இன்னும் பரவவில்லை, ஆகவே நின்ற வாக்கில் கிளம்பியிருப்பார். காலை உதைக்கக் கட்டை கிடையாது. தடம் சாம்பல் கலந்த மண். மிச்சமுள்ள எட்டரை மீட்டரை அதே வேகத்தில் ஓடியதாக வைத்தால் 100 மீட்டருக்கு 10.9 பக்கம் வரும். என் பிள்ளைகளுக்கு ஸ்பைக்ஸ் (ஆணி வைத்த ஷூ), சிந்தெடிக் டிராக், காலை டிபன் எல்லாம் கொடுத்தும் மாவட்ட அளவில் அந்த எண்ணைத் தொட யாருமில்லை.

"உலக சாதனை" என்று எழுதுகிறார்களே, அதில் மட்டும் கொஞ்சம் கவனம். உலகத் தடகள அமைப்பு பிறந்ததே 1912இல். 1886இல் உலக சாதனை என்று முத்திரை குத்த ஆளே இல்லை. அமெச்சூர் சாம்பியன்ஷிப்பில் முறையாக நேரம் பார்த்து 10 விநாடி பதிவான முதல் ஓட்டம் என்று சொன்னால் சரியாக இருக்கும். காசுக்கு ஓடுகிறவர்களில் இதைவிட வேகமான ஆட்களும் இருந்தார்கள். ஹாரி ஹட்சன்ஸ் பெயரைத் தேடிப் பாருங்கள்.

தேநீர்க்கடை பெஞ்சு:
காலை டிபன் கொடுத்துமா 😀

மானிப்பாய் மைந்தன்:
அண்ணைமார், எனக்கொரு சந்தேகம். பிரெஸ்டன் 1888-89இல ஒரு ஆட்டமும் தோற்காமல் லீக் வென்ற அணியல்லோ? 22 ஆட்டம், 18 வெற்றி, 4 சமநிலை. அதே பருவத்தில ஒரு கோலும் வாங்காமல் கோப்பையும் எடுத்தவை. இவர் ஏன் அதுக்கு முதல் வெளியேறினவர்? உதைபந்தாட்ட வரலாற்றில இதைவிட மோசமான நேரத்தில ஒருத்தர் கிளப்பை விட்டிருப்பாரோ?

ஆஃப்சைடு ஆறுமுகம்:
தம்பி, லீக் என்ற ஒன்றே 1888 செப்டம்பரில்தான் தொடங்கியது, 12 கிளப்போடு. அது என்னவாக வளரும் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் ஓட்டத்தில் காசு உண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கால்பந்தில் சம்பளம் வாங்குவது 1885இல்தான் சட்டப்படி ஆனது, அப்போதும் வார்ட்டன் பிரெஸ்டனுக்கு ஆடியது அமெச்சூராக. ஷெஃபீல்டில் காசுக்கான ஓட்டப் பந்தயம் அமோகமாக நடந்த காலம். கோடையில் ஓட்டம், குளிர்காலத்தில் பந்து என்று இரண்டு கையிலும் சம்பாதிக்க நினைத்த ஒரு இருபத்து மூன்று வயதுக்காரன் எடுத்த முடிவு. எனக்கு அது மோசமாகத் தெரியவில்லை.

பெரம்பூர் கோலி:
அதோடு பிரெஸ்டனில் இருந்திருந்தால் இடம் கிடைத்திருக்கும் என்று யார் சொன்னது? லீக்கில் நின்றது ஜேம்ஸ் டிரெய்னர், கோப்பையில் டாக்டர் மில்ஸ்-ராபர்ட்ஸ். இரண்டு பேருமே வேல்ஸ் நாட்டு சர்வதேச கீப்பர்கள்.

நூலகப்பூனை:
காசுப் பந்தயத்தை இவ்வளவு நல்ல பிழைப்பாகக் காட்டாதீர்கள் ஆறுமுகம். அது எப்பேர்ப்பட்ட உலகம் என்பதற்கு ஒரே சம்பவம் போதும். 1887 செப்டம்பர், லண்டன் லில்லி பிரிட்ஜ் மைதானம். இங்கேதான் 1873 எஃப்.ஏ. கோப்பை ஃபைனல் நடந்தது, அவ்வளவு பெயர்பெற்ற இடம். ஸ்பைக்ஸ் சொன்ன ஹட்சன்ஸுக்கும் ஹாரி ஜென்ட் என்பவருக்கும் ஓட்டப் பந்தயம். ஆயிரக்கணக்கில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். பந்தயம் கட்டிய இரண்டு தரப்பும் தங்கள் ஆள் தோற்றால் என்ன ஆவது என்று பயந்து, ஓட்டக்காரர்களைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். ஓட்டமே நடக்கவில்லை. கூட்டம் மைதானத்தை அடித்து நொறுக்கித் தீயும் வைத்துவிட்டது. அதன்பின் லில்லி பிரிட்ஜ் எழவே இல்லை.

வார்ட்டன் இந்தத் தொழிலில் காலை வைத்தது அதற்கு மறு வருஷம்.

ஸ்பைக்ஸ்:
அருமையான சம்பவம். இன்னொரு சிக்கலும் உண்டு, ஓட்டக்காரர்களுக்குத்தான் அது உறைக்கும். ஷெஃபீல்டு பந்தயங்கள் ஹேண்டிகேப் முறை. வேகமானவன் கோட்டிலிருந்து கிளம்புவான், மெதுவானவனுக்கு முன்னால் சில கெஜம் தள்ளி இடம் கொடுப்பார்கள். எல்லோரும் ஒன்றாகப் போய்ச் சேரவேண்டும் என்பது கணக்கு. ஆகவே கெட்டிக்காரன் என்ன செய்வான்? வருஷம் முழுக்க தன் வேகத்தை மறைப்பான். சின்னச் சின்னப் பந்தயங்களில் நொண்டியடித்துவிட்டு, பெரிய பந்தயத்தில் ஏழெட்டு கெஜம் சலுகை வாங்கிக்கொண்டு, அன்றைக்கு உண்மையான ஓட்டத்தைக் காட்டுவான். புனைபெயரில் ஓடுகிறவனும் உண்டு.

வார்ட்டனால் இதில் எதையாவது செய்ய முடியுமா? 10 விநாடி என்று எல்லாப் பத்திரிகையிலும் வந்தாயிற்று. ஊர் முழுக்க வெள்ளைக்காரன், நடுவே இவர் ஒருவர். எந்தப் புனைபெயரில் ஒளிவார்? மறைத்து வைத்தால்தான் காசு என்ற தொழிலில், மறைக்க எதுவுமே இல்லாத ஆள் அவர். சாம்பியன் பட்டம் அவருக்குச் சோறு போட்டதைவிடக் குறுக்கே நின்றதுதான் அதிகமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

ஆஃப்சைடு ஆறுமுகம்:
ஒரு சாம்பியனுக்குக் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் அமைப்பாளன் அழைப்பான். அழைப்புக்குத் தனிக் காசு உண்டே.

ஸ்பைக்ஸ்:
எத்தனை வருஷத்துக்கு? ஓட்டக்காரன் காலுக்கு ஆயுள் ஐந்தாறு வருஷம். அடுத்த வருஷமே ரோதர்ஹாம் டவுனில் கால்பந்து ஒப்பந்தம் போட்டுவிட்டார் என்பதைப் பாருங்கள்.

தேநீர்க்கடை பெஞ்சு:
சரி, அப்புறம் என்ன ஆச்சு? கதையை நடுவில் விட்டுவிட்டுச் சண்டை போடுகிறீர்கள்.

நூலகப்பூனை:
சுருக்கமாக: 1889இல் ரோதர்ஹாம் டவுன். முறையான புரொஃபெஷனல் ஆனது இங்கேதான். 1890இல் எம்மா லிஸ்டரோடு கல்யாணம். பந்தோடு கூட ஊரில் பப் நடத்தினார். 1893இல் அந்த கிளப் லீக்கின் இரண்டாம் டிவிஷனுக்கு வந்தது. 1894இல் ஷெஃபீல்டு யுனைடெட். அங்கே இன்னொரு கீப்பர் இருந்தார், பெயர் வில்லியம் ஃபோக்...

பெரம்பூர் கோலி:
குண்டு ஃபோக்! கீப்பர் வர்க்கத்தின் குலதெய்வம். ஆறடிக்கு மேல் உயரம், கடைசிக் காலத்தில் 130 கிலோவுக்குக் குறையாது. அவர் நின்றால் கோலில் மிச்ச இடமே இருக்காது. வார்ட்டன் போனபோது அவருக்கு இருபது வயது, வார்ட்டனுக்கு 29 நெருங்கியிருந்தது. யார் உட்காருவார் என்று சொல்லவேண்டியதில்லை.

நூலகப்பூனை:
ஆமாம். யுனைடெட்டுக்கு மொத்தமே மூன்று ஆட்டம். அதில் சண்டர்லாந்துக்கு எதிரானது முதல் டிவிஷன் ஆட்டம், சண்டர்லாந்து அந்த வருஷ சாம்பியன். அந்த ஒரு ஆட்டத்தால்தான் இங்கிலாந்தின் உச்ச டிவிஷனில் ஆடிய முதல் கறுப்பின வீரர் ஆனார். பிறகு மறுபடி ரோதர்ஹாம், ஸ்டாலிபிரிட்ஜ் ரோவர்ஸ், ஆஷ்டன் நார்த் எண்ட் என்று ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி, ஸ்டாக்போர்ட் கவுண்டியில் 1902இல் முடிந்தது. இடையில் கிரிக்கெட் லீக்கிலும் காசுக்கு ஆடியிருக்கிறார். ஆறுமுகத்தின் கேள்விக்காக ஒன்று சேர்க்கிறேன்: கோலை விட்டு வெளியே வந்து விங்கில் ஆடிய ஆட்டங்களும் உண்டு. ஆக, யாரும் யோசிக்காமல் இல்லை.

மானிப்பாய் மைந்தன்:
இன்னொன்று. "முதல்" என்று சொல்லுறது சரியோ? ஸ்கொட்லாந்துக்கு ஆடின ஆண்ட்ரூ வாட்சன் என்று ஒருத்தர் இருந்தவரெல்லோ?

நூலகப்பூனை:
நல்ல கேள்வி. வாட்சன் பிறந்தது பிரிட்டிஷ் கயானாவில், 1856இல். குயின்ஸ் பார்க் கிளப்பின் டிஃபெண்டர். 1881இல் ஸ்காட்லாந்துக்கே கேப்டனாக நின்று, இங்கிலாந்தை லண்டனிலேயே 6-1 என்று அடித்தார். வார்ட்டன் பந்தைத் தொடும் முன்பே நடந்தது இது. ஆனால் வாட்சன் அமெச்சூர். சர்வதேச ஆட்டத்தில் முதலாமவர் வாட்சன், சம்பளத்துக்கு ஆடியவர்களில் வார்ட்டன் என்று பிரித்துக்கொள்வதுதான் வழக்கம். இங்கிலாந்து அணிக்கு வார்ட்டனை ஒருமுறைகூட எடுக்கவில்லை என்பதையும் இதோடு வைத்துப் பாருங்கள்.

பெரம்பூர் கோலி:
முதல், இரண்டாவதெல்லாம் கணக்குப்பிள்ளை வேலை. இதைக் கேளுங்கள். 1942இல் ஷெஃபீல்டு பத்திரிகை ஒன்றுக்கு ஒரு பழைய ரசிகர் கடிதம் எழுதினார். ரோதர்ஹாமுக்கும் ஷெஃபீல்டு வெட்னஸ்டேக்கும் ஆலிவ் குரோவ் மைதானத்தில் ஆட்டம். வார்ட்டன் எகிறிக் கிராஸ்பாரைப் பிடித்துத் தொங்கி, வந்த பந்தை இரண்டு காலுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டாராம். பாய்ந்து வந்த மூன்று பார்வர்டுகளும் மோத ஆளில்லாமல் வலைக்குள் போய் விழுந்தார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆட்டம் பார்த்தும் அப்படி ஒன்றை மறுபடி பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறார், அந்த மூன்று பேரின் பெயரையும் போட்டு.

தேநீர்க்கடை பெஞ்சு:
இதை நம்பச் சொல்கிறீர்களா? ஐம்பது வருஷம் கழித்து என் மாமா கபடி ஆடிய கதையும் இப்படித்தான் வளரும்.

பெரம்பூர் கோலி:
நம்பலாம் என்பேன். முதலில், அந்த மூன்று பேர் ஏன் கீப்பரை நோக்கி வந்தார்கள் என்று யோசியுங்கள். மேலே சொன்னேனே, மோதித் தள்ள. தரையில் நின்று பந்தைப் பிடித்தால் ஆளோடு உள்ளே போவார். குத்தவும் முடியாது, உயரம் பார்த்தால் பந்து இடுப்புக்குக் கீழே வருகிறது. அப்போது மேலே போவது ஒன்றுதான் வழி. கிராஸ்பார் எட்டடி, எகிறினால் கை எட்டும். கால்கள் மடங்கிப் பந்தைப் பிடிக்கின்றன, மூன்று பேரும் அடியில் புகுந்து போகிறார்கள். கூத்துக்காக யாரும் செய்கிற காரியம் இல்லை, அந்த நொடியில் இருந்த ஒரே கதவு. இன்றைக்குச் செய்தால் நடுவர் மஞ்சள் அட்டையைக் காட்டுவார்.

நாங்களும் சின்ன வயதில் மூங்கில் கம்பு கட்டிய கோலில் தொங்கிப் பார்த்திருக்கிறோம். கம்புதான் கையோடு வந்தது.

ஸ்பைக்ஸ்:
ஆலிவ் குரோவில் வலை இருந்ததா என்று கேட்க வந்தேன். வலை 1891இல் வந்துவிட்டது, ரோதர்ஹாமில் அவர் இருந்த காலத்தோடு ஒத்துப்போகிறது. கடிதக்காரர் அந்த விஷயத்திலாவது தேறிவிட்டார்.

மானிப்பாய் மைந்தன்:
கடைசிக் காலம் எப்படி? கேள்விப்பட்டதெல்லாம் கவலையாக இருக்கு.

ஆஃப்சைடு ஆறுமுகம்:
டான்காஸ்டர் பக்கத்தில் எட்லிங்டன் என்ற ஊர். யார்க்‌ஷயர் மெயின் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. நிலக்கரித் தொட்டிகளை இழுத்து நகர்த்துகிற கூலி ஆள். 1930 டிசம்பர் 13 அன்று 65 வயதில் இறந்தார். கல் வைக்கக் காசில்லாமல் பெயரில்லாத குழியில் புதைத்தார்கள். ஷெஃபீல்டில் நிறவெறிக்கு எதிராக இயங்கிய கால்பந்து ரசிகர் அமைப்பு ஒன்று முயற்சி எடுத்து, 1997இல்தான் அந்த இடத்தில் கல் வைத்தது. 67 வருஷம்! 2003இல் இங்கிலாந்து கால்பந்தின் ஹால் ஆஃப் ஃபேம் என்ற பெருமைப் பட்டியலில் சேர்த்தார்கள்.

தேநீர்க்கடை பெஞ்சு:
நிறம்தான் காரணம், வேறென்ன.

நூலகப்பூனை:
நிறம் இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் அது மட்டும் என்று சொன்னால் கூட ஆடிய வெள்ளைக்காரர்களின் கதை மறைந்துவிடும். 1901இல் ஒரு கால்பந்து வீரனுக்கு வாரம் 4 பவுண்டுக்கு மேல் தரக்கூடாது என்று உச்சவரம்பே போட்டார்கள். ஓய்வூதியம் கிடையாது. ஆடி முடித்தால் பப், கடை, இல்லாவிட்டால் சுரங்கம். யார்க்‌ஷயரில் பாதி அணி சுரங்கத்திலிருந்து வந்து சுரங்கத்துக்கே திரும்பியது.

வார்ட்டனுக்கு வித்தியாசம் எங்கே என்றால், அவர் அங்கிருந்து வந்தவர் இல்லை. பாதிரியார் மகன், கல்லூரியில் படித்தவர். அன்றைய கனவான்கள் கணக்கில், காசுக்கு ஓடியவன், காசுக்குப் பந்தாடியவன், பப் நடத்தியவன் என்று ஆனபின் அந்தப் பழைய கதவு திறக்காது. அந்தக் கதவு மூடியதில் நிறத்துக்கும் பங்குண்டு, வர்க்கத்துக்கும் பங்குண்டு. தராசு வைத்து நிறுக்க என்னால் முடியாது.

தேநீர்க்கடை பெஞ்சு:
நம்ம நாட்டில் இப்படிப் பந்தும் ஓட்டமும் சேர்ந்த ஆள் யாராவது?

ஸ்பைக்ஸ்:
போட்டித் தேர்வுக்குப் படித்தவர்களுக்குத் தெரிந்த பெயர்: நார்மன் பிரிச்சர்டு. கல்கத்தாவில் பிறந்த வெள்ளைக்காரர். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் 200 மீட்டரிலும் 200 மீட்டர் தடை ஓட்டத்திலும் வெள்ளி. அதே ஆள் 1897இல் சேவியர்ஸ் அணிக்காக சோவாபஜார் கிளப்புக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தவர், பிறகு இந்தியக் கால்பந்து சங்கத்தின் செயலாளர். கடைசியில் நார்மன் டிரெவர் என்ற பெயரில் ஹாலிவுட் நடிகர்! பாரிஸுக்குப் போகும் முன் இங்கிலாந்தில் ஓடியதும் வார்ட்டன் ஜெயித்த அதே சாம்பியன்ஷிப்பில்தான்.

மானிப்பாய் மைந்தன்:
அந்தப் பதக்கம் இந்தியாவுக்கோ பிரிட்டனுக்கோ என்று இன்னும் இழுபறியெல்லோ?

நெறியாளர்:
பிரிச்சர்டு பதக்கம் யாருடையது என்ற சண்டை இங்கே ஏற்கெனவே மூன்று பக்கம் ஓடியிருக்கிறது. அதை அந்த இழையிலேயே தொடருங்கள். இங்கே வார்ட்டன் மட்டும்.

பெரம்பூர் கோலி:
சரி, வார்ட்டனுக்கே வருகிறேன். 2014இல் இங்கிலாந்து அணியின் பயிற்சி மையமான செயின்ட் ஜார்ஜஸ் பார்க்கில் அவருக்குச் சிலை வைத்தார்கள். ஒரு கையை நீட்டிப் பாய்ந்து பந்தைத் தட்டிவிடுகிற மாதிரி. ஆறுமுகம் அண்ணா, உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேயே இருக்கிறது. இங்கிலாந்து கீப்பர்கள் பயிற்சி எடுக்கிற இடத்தில் கீப்பராகத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஆஃப்சைடு ஆறுமுகம்:
கால்பந்துக்காரர்கள் வைத்தால் கீப்பராகத்தான் வைப்பார்கள். ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் செல்சி ஆளுக்குச் சிலை இருக்கிறது, 1886இல் அங்கே 10 விநாடி ஓடியவரையும் வைக்கட்டுமே.

ஸ்பைக்ஸ்:
வைத்தால் நின்றபடி புறப்படுகிற மாதிரி வையுங்கள். குனிந்து வைத்துத் தொலைக்காதீர்கள்.